பிரதிவாதி: ஐஸ் இழைக்கும் வண்டி ஒன்று

மின்னசோட்டா மாநிலம் தன் மீதுதான் வழக்குப் போட்டிருக்கும் என்று நினைத்து ஆர்டிஸ் குவாலே உறையைப் பிரித்தாள். படித்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. வழக்கு அவள் மீது இல்லை. குடித்துவிட்டு ஓட்டிய மெர்லின் மீதும் இல்லை. ‘மின்னசோட்டா மாநிலம் எதிர் 1987-ஆம் ஆண்டு மாதிரி, நீல நிற, ஐஸ் இழைக்கும் வண்டி ஒன்று’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அதாவது, கெர்ட்டி.

ஹாக்கி ஆடி ஆடிக் கீறல் விழுந்த ஐஸ் தளத்தின் மேல் கெர்ட்டி ஊர்ந்து போவாள். தச்சனின் இழைப்புளி போல மேல்தோலைச் சீவி, பின்னாலேயே சுடுதண்ணீர் விட்டு மெழுகிக்கொண்டு போவாள். யானைக்குட்டி அளவு இருப்பாள். வேகம், அவசரமில்லாத யானைக்குட்டி அளவு. மூடிப்போன ஒரு கல்லூரியிலிருந்து பதினோரு வருடம் முன்பு ஆர்டிஸ் அவளை வாங்கி வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுவது ஆர்டிஸின் வேலை. கெர்ட்டியை ஓட்டுவது அவளுடைய வாழ்க்கை. ஹால்வர் ஏரி என்ற அந்த ஊரில் குளிர்காலம் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் ஊர் மொத்தமும் தளத்தில்தான் கிடக்கும். கெர்ட்டி இல்லையென்றால் அது தளம் இல்லை. கூரை போட்ட மாட்டுக் கொட்டகை.

நடந்தது இதுதான். டிசம்பர் முதல் வாரத்தில், பட்டப்பகல் இரண்டு மணிக்கு, ஆர்டிஸின் சித்தி மகன் மெர்லின் ஓட்னஸ், தன் அணி ஒன்பது கோல் வாங்கித் தோற்ற துக்கத்தை பீரில் கரைத்துவிட்டு, பொரித்த சீஸ் வாங்கக் கிளம்பினான். வாசலில் நின்ற வண்டிகளில் அவனுக்குப் பிடித்தது கெர்ட்டி. பிரதான சாலையில் முக்கால் மைல் போனான். போகும்போது தண்ணீர்க் குழாயை மூட மறந்ததால், முக்கால் மைலுக்குச் சாலையை அருமையாக இழைத்துவிட்டும் போனான். விரட்டி வந்த ஷெரிஃபின் கார், அந்த நேர்த்தியான ஐஸில் ஏறி, ஒரு முழு வட்டம் சுற்றி, சத்தமே இல்லாமல் பனிமேட்டில் மூக்கைப் புதைத்துக்கொண்டது. மெர்லின்தான் கெர்ட்டியில் கயிறு கட்டி அதை வெளியே இழுத்தான். நன்றி சொல்லிவிட்டு ஷெரிஃப் அவனைக் கைது செய்தார்.

மெர்லின் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஓட்டுநர் உரிமம் போயிற்று. அன்று மாலையே வீட்டுக்கு வந்து தூங்கினான். குடிக்காத கெர்ட்டி மட்டும் ஷெரிஃப் அலுவலகத்தின் பின்முற்றத்தில் காவலில் இருந்தாள். குடித்துவிட்டு ஓட்டிய வண்டியைப் பறிமுதல் செய்ய, அங்கே சட்டப்படி வண்டி மீதே வழக்குப் போடலாம். வழக்கில் அவள் தோற்றால் ஏலம். பக்கத்து ஊரான பெர்க்டாலின் தளக் கமிட்டியார் இரண்டு பேர், வேலிக்கு வெளியே நின்று டேப் வைத்து அவள் அகலத்தை அளந்து பார்த்துவிட்டுப் போனதாகத் தகவல்.

ஆர்டிஸுக்குக் கோபம் வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவளுக்குக் கோபத்துக்கு முன்னால் கேள்வி வந்துவிடும். சிறு வயதிலிருந்தே வியாதி. உறையை எடுத்துக்கொண்டு நேராக நீதிமன்ற அலுவலக ஜன்னலுக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் லவான் ஸ்டூர். முப்பது வருடமாக அந்த ஜன்னலில் இருக்கிறாள். பக்கத்தில் ஒரு தட்டு. தட்டில் கடைசியாக ஒரே ஒரு சாக்லேட் பலகாரத் துண்டு. அந்த ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியை வெட்டி எடுப்பார்கள். அடுத்து வருபவர் மீதியில் பாதியை வெட்டுவார். ஆர்டிஸ் வந்தபோது அது தபால்தலை அளவில் இருந்தது.

“லவான், கெர்ட்டிக்கு வக்கீல் உண்டா?”

“யாருக்கு?”

“வண்டிக்கு. வக்கீல் வெச்சுக்க வசதி இல்லாதவங்களுக்கு அரசாங்கமே குடுக்கும்ல?”

“அது குற்றம் சாட்டப்பட்டவங்களுக்கு. இது சிவில் வழக்கு. வண்டி மேல குற்றச்சாட்டு எதுவும் இல்ல.”

“இல்லன்னா விட்டுருங்களேன்.”

“குற்றச்சாட்டு இருந்தா நிரூபிக்கணும்மா. இல்லாததாலதான் வெச்சிருக்கோம்.”

ஆர்டிஸ் உறையிலிருந்த தாளை விரித்தாள். “சரி, பிரதிவாதி கெர்ட்டி. வாதி மாநிலம். அப்ப நான் யாரு?”

“நீ உரிமை கோருபவர்.”

“அது என்னுதுதானே?”

“அதத்தான் நீ கோரணும். மூணாம் நம்பர் படிவம்.”

“சம்மன் எனக்கு வந்திருக்கு. கெர்ட்டிக்கு யாரு குடுத்தா?”

“ஷெரிஃப் லோவல் அவ நெத்தியில ஒட்டிட்டாரு. சட்டப்படி பிரதிவாதி மேல ஒட்டணும்.”

“படிச்சுக் காட்டினாரா?”

“ஆர்டிஸ், எனக்கு ரெண்டு விவாகரத்தும் ஒரு வேலித் தகராறும் காத்துட்டிருக்கு.”

“ஒரே ஒரு கேள்வி. நான் போய் அவளப் பார்க்கலாமா?”

லவான் விதிப் புத்தகத்தைத் திறந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். “பார்க்கலாம். தொடக் கூடாது. ‘வழக்கு முடியும்வரை உரிமையாளர் பொருளைத் தொடவோ இயக்கவோ கூடாது.’” அந்த வரியை அவள் இரண்டாம் முறை மனதுக்குள் படித்தாள். உதடு அசைந்தது. பிறகு புத்தகத்தை மூடி, பலகாரத் துண்டில் பாதியை வெட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

வெளியே மைனஸ் இருபத்தைந்து.

*

முதல் வாரம் தளம் காய்கறி துருவி மாதிரி ஆனது. மூன்று பேருக்குக் கணுக்கால் சுளுக்கியது. இரண்டாம் வாரம் ஆர்டிஸ் விளக்குகளைச் சரிபார்க்கப் போனபோது வாசலிலேயே நின்றுவிட்டாள். தளம் கண்ணாடி மாதிரி கிடந்தது. கூரை விளக்குகள் அதற்குள் தலைகீழாகத் தொங்கின. மண்டி போட்டுக் கையுறையைக் கழற்றித் தடவினாள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் அரை அடி ஏறி இழைத்த மடிப்பு. கையால் செய்த வேலை இல்லை. கெர்ட்டியின் கையெழுத்து.

பெஞ்சில் உட்கார்ந்து மெர்லின் காலணி கட்டிக்கொண்டிருந்தான்.

“டேய், யாருடா இத இழைச்சது?”

“எத?”

“ஐஸ.”

“குளிருதுல்ல,” என்றான் மெர்லின். “தானா உறைஞ்சிருக்கும்.”

“தானா உறைஞ்சா இப்படி மடிப்பு விழுமா?”

“ரொம்பக் குளிர்னா விழும் போல.” அவன் கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான். “இங்க பாரு ஆர்டிஸ், எனக்கு ஒண்ணும் தெரியாது. உரிமம் போன ஆளு நான். சக்கரம் வெச்சது எதையும் நான் பார்க்கிறதுகூட இல்ல.”

போதகரைக் கேட்டாள். போதகர் இறைவனின் படைப்பில் வியக்கத்தக்கவை பல உண்டு என்றார். தபால்காரரைக் கேட்டாள். அவர் வானிலை பற்றிப் பேசினார். அந்த ஊரில் வானிலை பற்றிப் பேசாத ஆளே இல்லை. ஆனால் ஒரு கேள்விக்கு நடுவில் புகுந்து பேசினால் அதற்கு வேறு காரணம் உண்டு என்பது ஆர்டிஸுக்குத் தெரியும்.

ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனாள். பின்முற்றத்தில் கெர்ட்டி நின்றாள். நெற்றியில் சம்மன். சுற்றிலும் பனியில் மஞ்சள் சாயத்தால் ஒரு கோடு. லோவல் ஹெக்லண்ட் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு கூடவே வந்து நின்றார். நல்ல மனுஷன். காரைப் பனிமேட்டில் விட்டதற்காகக் கெர்ட்டி மேல் அவருக்கு வன்மம் எதுவும் கிடையாது.

“கோட்டுக்கு அந்தப் பக்கம் வராத, ஆர்டிஸ்.”

“வரல. லோவல், அந்தத் தொட்டியிலேருந்து ஆவி வருதே?”

லோவல் பார்த்தார். பிரதிவாதியின் வயிற்றிலிருந்து வெள்ளையாக, சுகமாக, இட்லிப் பானையிலிருந்து வருவது போல ஆவி வந்துகொண்டிருந்தது.

“வெயில் பட்டிருக்கும்,” என்றார் லோவல்.

ஜனவரி மாதம். வானம் ஈயத் தகடு மாதிரி இருந்தது.

“எந்த வெயில்?”

லோவல் தன் பூட்ஸை வெகு அக்கறையாக ஆராய்ந்தார். “கோட்டத் தாண்டாத, சரியா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு ஆர்டிஸுக்கு இரண்டு கவலை. கெர்ட்டி திரும்பி வருவாளா என்பது ஒன்று. அந்தத் தண்ணீர் ஏன் சூடாக இருந்தது என்பது இன்னொன்று. இரண்டில் எது தூக்கத்தைக் கெடுத்தது என்று அவளைக் கேட்டால் உண்மையைச் சொல்லியிருப்பாள். அவளுக்கு வேறு எதையும் சொல்ல வராது.

*

விசாரணை ஒரு வியாழக்கிழமை காலை. மாநிலத்தின் சார்பில் டாரன் ஹூக் என்ற இளம் அரசு வழக்கறிஞர். அரிசோனாவிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஊரில் காரைப் பூட்டும் ஒரே ஆள். இரண்டு முறை பூட்டு உறைந்து, மெர்லின் முடி உலர்த்தும் மெஷினோடு போய்த் திறந்துவிட்டிருக்கிறான். மற்ற எல்லார் காரும் நீதிமன்ற வாசலில், சாவி உள்ளேயே இருக்க, இன்ஜின் ஓடிக்கொண்டே நின்றன. அந்தக் குளிரில் அணைத்தால் திரும்பக் கிளம்பாது. வழியில் நிற்கிற காரை யாராவது நகர்த்த வேண்டியிருந்தால் நகர்த்திக்கொள்வார்கள். யாருக்காவது அவசரமென்றால் எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவருவார்கள், பெரும்பாலும் பெட்ரோல் போட்டு.

நீதிபதி காரின் லிண்ட்வால் அம்மையார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிரதிவாதி ஆஜராகவில்லை என்று குறித்துக்கொள்ளப்பட்டது.

ஹூக்குக்குக் கேள்வி ஒன்றும் பெரிதாக இல்லை. மரியாதையாகவே கேட்டார்.

“மிஸ் குவாலே, மெர்லின் ஓட்னஸ் குடிச்சிருந்தது உங்களுக்குத் தெரியுமா?”

“ஒன்பது கோல் வாங்கியிருந்தாங்க. ஊகிச்சிருக்கலாம்.”

“அவரு வண்டிய எடுக்க நீங்க அனுமதி குடுத்தீங்களா?”

“அவன் கேக்கல.”

“சரி. கேக்காம யாரும் எடுத்துடக் கூடாதுன்னு நீங்க என்ன ஏற்பாடு பண்ணியிருந்தீங்க? சட்டம் அதத்தான் பார்க்கும். உரிமையாளர் தக்க முன்னெச்சரிக்கை எடுத்திருந்தா வண்டிய விட்டுடணும். சாவி எங்க இருந்துச்சு?”

“வண்டியில.”

“அன்னிக்கா?”

“எப்பவும்.”

“எப்பவுமா?” ஹூக்குக்கே சங்கடமாக இருந்தது. “ஏன்?”

ஆர்டிஸுக்குக் கேள்வி புரியவில்லை. தண்ணீர் ஏன் குழாயில் வருகிறது என்று கேட்டது போல இருந்தது. “யாருக்காவது வேணும்னா?” என்றாள்.

அறையில் இருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். தட்டச்சு செய்பவரும் ஆட்டிக்கொண்டே தட்டினார். ஹூக் மட்டும் மெதுவாகப் போய் உட்கார்ந்தார். ஊர் முழுக்க யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று உரிமையாளரே சத்தியம் செய்து சொல்லிவிட்ட பிறகு வாதாட என்ன இருக்கிறது? மெர்லின் கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். கடைசி வரிசையில் பெர்க்டால்காரர் ஒருவர், டேப்பைக் கோட்டுப் பையில் வைத்தபடி, நாகரிகமாகச் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டிருந்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “மிஸ் குவாலே, வண்டி காவல்ல பத்திரமா இருக்குன்னு ஷெரிஃப் வாக்குமூலம் குடுத்திருக்காரு. முடிவு சொல்றதுக்கு முன்னாடி அவர ஏதாவது கேக்கணுமா? கட்டாயம் இல்ல.”

ஆர்டிஸிடம் இப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும், யுவர் ஆனர். வழக்குக்குச் சம்பந்தம் இருக்கான்னு தெரியல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.” அவள் லோவல் பக்கம் திரும்பினாள். “லோவல், அன்னிக்கு அந்தத் தண்ணி ஏன் சூடா இருந்துச்சு?”

லோவல் சாட்சிக் கூண்டில் இருந்தார். சத்தியம் செய்திருந்தார். வெயிலைப் பற்றி இப்போது பேச முடியாது.

“யாராவது எடுத்துட்டுப் போய் இழைச்சுட்டுத் திருப்பிக் கொண்டாந்து விட்டிருப்பாங்க,” என்றார்.

“யாரு?”

“என்ன கிழமைன்னு சொன்னா சொல்லலாம்.”

ஹூக் எழுந்து நின்றார். “என்ன கிழமையா?”

“செவ்வாய்னா போதகர். ஞாயித்துக்கிழமைன்னா என் சம்சாரம். சனிக்கிழமை தபால்காரர், ஆனா அவரு ஓரம் சரியா பிடிக்க மாட்டாரு. புதன்கிழமை...”

“புதன்கிழமைய விட்டுடலாம்,” என்றார் நீதிபதி. புதன்கிழமை மதியம் நடக்கும் பெண்கள் ஆட்டத்தில் கோல் காப்பவர் யார் என்பது ஊரறிந்த விஷயம்.

“அது அரசாங்கக் காவல்ல இருக்கிற வண்டி!” ஹூக்கின் குரல் உடைந்தது. “மாநிலத்தோட பிரதிவாதி! எப்படி எடுத்தாங்க?”

“சாவி வண்டியிலதான இருக்கு.”

“நீங்க ஏன் அத எடுத்து வெக்கல?”

லோவல் அவரைப் பரிவோடு பார்த்தார். அரிசோனாக்காரர், பாவம். “யாருக்காவது வேணும்னா?” என்றார்.

தட்டச்சு செய்பவர் தலையை ஆட்டிக்கொண்டே தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்தி, பக்கத்தைப் பின்னால் நகர்த்தி, அதே வரி முன்பே இருப்பதைப் பார்த்தார். நீதிபதியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் போல.

“ஷெரிஃப், இப்ப பிரதிவாதி எங்க?”

லோவல் விரல் விட்டு எண்ணினார். “இன்னிக்கு வியாழன்...”

எல்லாரும் கதவு வழியாக எதிரே இருந்த அலுவலக ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னல் மூடியிருந்தது. ‘பத்து நிமிடத்தில் வருகிறேன் – லவான்’ என்று அட்டை தொங்கியது. தட்டில் பலகாரம் கடுகளவு மிஞ்சியிருந்தது.

*

நீதிமன்றம் பிரதிவாதியைப் பார்வையிடப் புறப்பட்டது. வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. காலியான பின்முற்றத்தில், மஞ்சள் கோட்டைத் தாண்டி, தளம் வரைக்கும் ஒரே சீராக, அழகாக இழைத்த ஐஸ் பாதை பளபளத்தது. லவானுக்கும் குழாயை மூட மறந்திருந்தது. உள்ளூர்க்காரர்கள் வாத்து மாதிரி காலை அகட்டி வைத்து ஓரமாக நடந்தார்கள். ஹூக் நடுவில் நடந்தார். பாதி வழியை அவர் உட்கார்ந்தே கடந்தார்.

தளத்தில் லவான், காதுக்குல்லாய் போட்டுக்கொண்டு, கெர்ட்டியின் மேல் மகாராணி மாதிரி வட்டமடித்துக்கொண்டிருந்தாள். நீதிபதியைப் பார்த்ததும் சுற்றை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள். பாதியில் விட்டால் ஐஸில் மேடு நின்றுவிடும்.

“லவான்! நீயா என்கிட்ட விதி படிச்ச?” என்றாள் ஆர்டிஸ்.

“சரியாத்தான் படிச்சேன். உரிமையாளர் தொடக் கூடாது. மத்தவங்களப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.”

“அஞ்சு வாரமா ஊரே ஓட்டிருக்கு. என்கிட்ட ஒருத்தர்கூடச் சொல்லல!”

“சொன்னா? உன்னக் கூண்டுல ஏத்தினா நீ அப்படியே சொல்லிருவ. நீ பொய் சொல்ல மாட்ட, கேள்வி மட்டும்தான் கேப்ப. எங்களுக்கு உன் வாய நினைச்சாத்தான் பயம். லோவல நினைச்சே பார்க்கல.”

“நான் சத்தியம் பண்ணிருந்தேன்,” என்றார் லோவல், தரையைப் பார்த்து.

நீதிபதி வீரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்துத் தீர்ப்பெழுதினார். சாவியை வண்டியில் விட்டது உரிமையாளரின் கவனக்குறைவு என்றால், அதே வண்டியில் அதே சாவியை ஆறு வாரம் விட்டு வைத்த மாநிலமும் அதே கவனக்குறைவில் இருக்கிறது. தான் எடுக்காத முன்னெச்சரிக்கையை உரிமையாளர் எடுக்கவில்லை என்று மாநிலம் குறை சொல்ல முடியாது. வழக்கு தள்ளுபடி. பிரதிவாதி விடுதலை. மேல்முறையீடு செய்வீர்களா என்று ஹூக்கிடம் கேட்டார். ஹூக் நின்றபடியே, மேல்முறையீடும் வேண்டாம், உட்காரவும் விருப்பமில்லை என்றார்.

“ஒரு நிபந்தனை,” என்றார் நீதிபதி. “இனிமே சாவி வண்டியில இருக்கக் கூடாது. எடுத்து உங்க பையில வெச்சுக்கணும். வெச்சுக்கிட்டாச்சுன்னு நாளைக்குள்ள எழுத்துமூலமா தாக்கல் பண்ணணும்.”

பெர்க்டால்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் அவர் கார் இல்லை. யாரோ அவசரத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அரை மணியில் வந்துவிடும் என்று மெர்லின் ஆறுதல் சொன்னான்.

*

மறுநாள் காலை ஆர்டிஸ் கெர்ட்டியைக் கிளப்பி ஒரு சுற்று விட்டாள். ஆறு வாரம் கழித்து. தபால்காரர் விட்ட மேடுகளை எல்லாம் சீவினாள். பிறகு ஓரமாக நிறுத்தி, நீதிமன்ற உத்தரவை ஒரு முறை படித்துவிட்டு, சாவியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அவள் வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் வெளியே எடுத்ததில்லை. மெர்லின் குறடு கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்ததில் சாவி பல்லைப் பிடுங்கினது போல வந்தது.

கெர்ட்டி ஓடிக்கொண்டே இருந்தாள்.

ஆர்டிஸ் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். கெர்ட்டியைப் பார்த்தாள். சிவப்புக் குமிழை அழுத்தினாள், இன்ஜின் நின்றது. மெர்லின் குனிந்து, சாவித் துவாரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து லேசாகத் திருகினான். கெர்ட்டி இரண்டு முறை இருமிவிட்டு எழுந்துகொண்டாள்.

“ஓ,” என்றான் மெர்லின். ரொம்ப ஆச்சரியப்பட்டவன் மாதிரி இல்லை.

ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். அன்றைக்கும் இப்படித்தான் கிளப்பினாயா, இது இன்னும் யாருக்கெல்லாம் தெரியும், எத்தனை வருடமாக என்று மூன்று கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. அவள் சாவியைக் கோட்டுப் பையில் போட்டு, பொத்தானையும் போட்டாள்.

ஜன்னலில் லவான் ஏழாம் நம்பர் படிவத்தை நீட்டினாள். அதில் ஒரே வரிதான். ‘வண்டியின் சாவி உரிமையாளர் வசம் உள்ளதா?’ ஆர்டிஸ் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள். ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முழு உண்மை. படிவத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். அது வேறு எதுவும் கேட்கவில்லை.

லவான் முத்திரை குத்தினாள். புதுத் தட்டு; முழுசாக ஒரே ஒரு துண்டு. முப்பது வருடப் பழக்கத்தில் புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கித் தயாரானாள்.

“ம், சொல்லு. என்ன கேக்கணும்?”

“ஒண்ணும் இல்ல,” என்றாள் ஆர்டிஸ்.

லவான் கண்ணாடிக்கு மேலாக அவளை வெகு நேரம் பார்த்தாள்.

“உடம்பு ஏதும் சரியில்லையா?”

ஆர்டிஸ் கத்தியை எடுத்து, பலகாரத்தைச் சரிபாதியாக வெட்டி, பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். வாய் நிறைய இருந்தால் கேள்வி வராது.